அவர்கள் மேப்பிங், நான் மாப்பிங்

…அதற்காக அந்த ஆஸ்பத்திரிக் கவுன்டர் பெண்மேல் கோபப்படாதே விமலா. பெயரைக் கேட்டாள், இனிஷியலைக் கேட்டாள், அது அப்பா பெயரா வீட்டுக்காரர் பெயரா என்று கேட்டாள், போதாததற்குப் பிறந்த தேதியையும் கேட்டாள், ஒரு காய்ச்சலுக்கு இத்தனை விசாரணையா என்கிறாய். உன் மாமியார் வேறு பின்னால் நின்றுகொண்டு, "இவ இன்னா போலீஸா?" என்றாளாமே! அவள் வாய்க்கு அதுவே குறைச்சல்தான். ஆனால் என்னை யாராவது அப்படிக் குடைந்து குடைந்து கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என் பிறந்த தேதியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு ஏது பிறந்த தேதி? ஆடி மாதம், கடல் உள்ளே வந்த வருஷம் என்று சொன்னேன். சிரித்துவிட்டு ரேஷன் கார்டைப் பார்த்து ஏதோ தட்டிக்கொண்டாள். "நல்லா கேளும்மா, இன்னும் கேளு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

உனக்கும் புரியாது. இப்படி உட்கார். அந்த முருங்கைக்கீரையை இந்தப் பக்கம் தள்ளு, ஆய்ந்துகொண்டே சொல்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவள் என்று இந்தத் தெருவில் சொன்னால் எவளும் நம்புவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு அங்கே என்ன வேலை என்கிறார்கள். அதற்கு முன்னால் நான் மீன்காரி. சிட்லபாக்கத்தில் ஏரிக்கரையைச் சுற்றியிருக்கிற தெருவெல்லாம் என் குரல் தெரியும். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் கூடை தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டு, இனிமேல் தலையில் பாரம் ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற ஒரு வீட்டம்மா, "மாடியில எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் வச்சிருக்கார், கூட்டித் துடைச்சு டீ போடணும், வர்றியா தனம்?" என்று கேட்டார். மறுநாளே போய்விட்டேன். தெரிந்துகொள்ள வேண்டியதென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஏசி அறைக் கதவைச் சாத்த வேண்டும், தரையில் ஓடுகிற வயரை மிதிக்கக்கூடாது, கரண்ட் போய் யூபிஎஸ் கத்தினால் பயப்படக்கூடாது, அவ்வளவுதான். முதல் வாரம் மட்டும் என் மேல் மீன் வாசனை அடிக்குமோ என்று பயந்து, புருஷன் போனவளுக்குப் பூவா என்று தெருவில் பேசினாலும் பேசட்டும் என்று தலைக்கு மல்லிகைப்பூவாக வைத்துக்கொண்டு போனேன். செல்வம் என்கிற பையன், அவன்தான் அங்கே சீனியர், "இன்னா அக்கா, தினமும் கல்யாணத்துக்குப் போய்ட்டு நேரா இங்க வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டான். அன்றோடு பூவை நிறுத்தினேன்.

முதலாளியை பாலு சார் என்போம். அவரைப் போல ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. என்னை "தனலட்சுமி அம்மா" என்று முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், வாங்க போங்க என்றுதான் பேசுவார். கத்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியால் துடைப்பார். துடைக்கிற நேரம் நீள நீள, எதிரே நிற்கிறவர்கள் ஒவ்வொரு அடியாகக் கதவுப் பக்கம் நகர்வார்கள். ஒருதரம் செல்வம், "கண்ணாடி உடைஞ்சிரும் சார், திட்டிடுங்க" என்றே கெஞ்சினான்.

நான் சேர்ந்த புதிதில் அந்த அறை முழுக்க ஒரே பேச்சு, மேப்பிங், மேப்பிங் என்று. "மேப்பிங் ஆச்சா?" "இல்ல, இன்னிக்கு பூரா மேப்பிங்தான்." எனக்கு ஆச்சரியம். படித்த பிள்ளைகள், என் வேலையைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறார்களே என்று. வீட்டம்மா எனக்கு முதல் நாள் சொன்னது, தினமும் கூட்டிவிட்டு மாப் போட வேண்டும் என்பதுதானே! ஒருநாள் காலையில் சார் வாசலில் வந்து நின்று, "மேப்பிங் முடிஞ்சுதா?" என்று கேட்டார். பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் நான் குச்சியும் கையுமாக முன்னால் போய், "முடிஞ்சிச்சு சார். ஆனா ஈரம் காயல. யாரும் மிதிக்காதீங்க!" என்றேன்.

அறையே வெடித்துச் சிரித்தது. செல்வம் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டான். சார் மட்டும் சிரிக்கவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, சுவரோரமாக ஈரத்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார். "அவங்க சொன்னது உங்களுக்கும்தான். முடிச்ச உடனே எவனும் மிதிக்கக்கூடாது. காய விட்டுப் பாக்கணும்" என்றார். அன்றிலிருந்து அந்த ஆபீஸில் அது ஒரு பேச்சாகிவிட்டது. எழுதி முடித்து இன்னும் சோதித்துப் பார்க்காத எதற்கும் "ஈரம் காயல" என்றே சொன்னார்கள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஜெசிந்தா என்று ஒரு பெண் இருந்தாள், கோவிலம்பாக்கத்திலிருந்து வருவாள், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவளிடம் தனியாக, "அப்போ மேப்பிங்னா இன்னாம்மா?" என்று கேட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள், எனக்குத் தலை சுற்றியது. பின்னால் வந்து நின்ற சார் என் டீ ட்ரேயைக் காட்டினார்.

"உங்க சமையல் அலமாரியில கப்பெல்லாம் ஒரு தட்டு, சர்க்கரை ஒரு தட்டு, டீத்தூள் ஒரு தட்டு. சரியா? அதான் டேட்டாபேஸ். அங்க செல்வத்தோட டீன்னு ஒண்ணு இருக்கா?"

"அது எப்படி சார் இருக்கும்? போட்டாத்தான் உண்டு."

"நீங்க போட்டு, கப்புக்குக் கப்பு கலர் நூல் கட்டி ட்ரேயில எடுத்துட்டு வர்றீங்க."

வாஸ்தவம்தான். கப்பில் பெயர் எழுதி ஒட்டினால் எனக்குப் படிக்கத் தெரியாது என்று நான்தான் நூல் கட்டினேன். சிவப்பு நூல் செல்வம், சர்க்கரை தூக்கல். பச்சை ஜெசிந்தா, சர்க்கரையே இல்லை.

"அந்த ட்ரேதான் எக்ஸ்எம்எல். எது யாருதுன்னு அதுலயே கட்டியிருக்கும், யார் தூக்கிட்டுப் போனாலும் மாறாது. மேசைக்குப் போய்ச் சேர்ந்ததும் அது செல்வத்தோட டீ. அவர் ஊதலாம், குடிக்கலாம், கீபோர்டு மேல கொட்டலாம்."

"ஒரு வாட்டிதான் சார் கொட்னேன்!" என்று செல்வம் அலறினான்.

"மேசையில இருக்கிறது அப்ஜெக்ட். அலமாரியில இருக்கிற எது, ட்ரேயில எதுவாகுது, மேசையில எதுவாகுதுன்னு ஒண்ணுக்கொண்ணு முடிச்சுப் போடுறோம் பாருங்க, அதுதாம்மா மேப்பிங்."

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இத்தனை நாளும் நான் கையில் தூக்கிக்கொண்டு திரிந்தது எக்ஸ்எம்எல்! வீட்டுக்குப் போய் என் பிள்ளை குமாரிடம் சொன்னேன். "எம்மா, போய் சோறு போடு" என்றான்.

அந்தச் சமயத்தில் அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு ஆஸ்பத்திரி வேலை. பேர் வேண்டாம். தாம்பரத்தில் பெரிய கட்டிடம், சுற்றுவட்டாரத்தில் சின்னச் சின்னக் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் நோயாளிகளின் விவரம் தனித்தனி டேட்டாபேஸில் கிடந்தது. இப்போது மாதிரி அப்போது எல்லாம் நெட்டில் பறக்காது, போன் லைன் இழுத்துக்கொண்டு கிடக்கும். அதனால் எல்லாக் கிளை விவரத்தையும் எக்ஸ்எம்எல்லாகக் கட்டி, கவுன்டரில் இருக்கிற கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து, அங்கே ஒவ்வொரு நோயாளியும் ஒரு ஆளாக, ஒரு அப்ஜெக்டாக, திரையில் வந்து நிற்க வேண்டும். வயது, பழைய நோய், வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை எல்லாம் அந்த ஆளோடு கூடவே வந்துவிடும். அந்த முடிச்சைப் போடுகிற வேலை ஜெசிந்தாவுக்கு. அவள் அப்பா வேலை பார்த்த அச்சாபீஸை மூடிவிட்டார்கள். வீடே அவளை நம்பித்தான் இருந்தது. இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்று சார் சொல்லியிருந்தார். அந்தப் பெண் மதியச் சாப்பாட்டைக்கூடக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடும். தயிர்சாதம் என்று நினைத்து ஒருநாள் நான் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த தோசை மாவில் கை வைத்துவிட்டது, பாவம்.

முதலில் ஒரே ஒரு கிளையில் வைத்துப் பார்த்தார்கள். அது நம் வீட்டுப் பக்கத்துக் கிளை. நானே அங்கே சர்க்கரை வியாதிக்குப் போகிறவள்.

இங்கேதான் நீ கவனமாகக் கேட்க வேண்டும். என் பேத்தி பாப்புவின் நிஜப் பெயர் என்ன சொல் பார்க்கலாம்? தெரியாது இல்லையா! பக்கத்து வீட்டில் இத்தனை வருஷமாக இருக்கிறாய். அவளும் தனலட்சுமிதான். என் பெயரைத்தான் வைத்தான் குமாரு. ஆனால் என் மருமகள் மாமியார் பெயரைச் சொல்லி, "ஏய் தனம், இங்க வாடி" என்று கூப்பிட முடியுமா? அதனால் பிறந்த அன்றிலிருந்து பாப்பு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டால்தான் அவள் தனலட்சுமி. அதிலும் முதல் நாள் அவள் திரும்பிப் பார்க்கவில்லையாம், பாட்டியை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று.

அவளுக்கு ஏழு வயது அப்போது. சளி கட்டி இழுப்பு வந்துவிட்டது. மருமகள் ஏற்றுமதி கம்பெனியில் தையல் வேலைக்குப் போயிருந்தாள். நான் மத்தியானம் சாரிடம் சொல்லிவிட்டு பாப்புவை அந்தக் கிளைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவுன்டரில் பார்த்தால் எங்கள் ப்ரோகிராம்! அந்த நீலக்கலர் திரையை நான் தினமும் துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா? வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், "இது எங்க ஆபீஸ்ல செஞ்சது. நான் டீ போட்டுக் குடுக்க, எங்க பொண்ணு எழுதினது" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். கவுன்டரில் இருந்தவள் பெயர் கேட்டாள். "தனலட்சுமி." "இனிஷியல்?" "கே." அவ்வளவுதான். ஒரு தட்டுத் தட்டினாள். "பழைய பேஷன்ட்தான். அதே அட்ரஸ். இருக்கு, உள்ள போங்க" என்றாள். எவ்வளவு சீக்கிரம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

டாக்டர் பாப்புவின் முதுகில் வைத்துப் பார்த்தார், மருந்து தட்டினார், கூட்டம் அதிகம், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மருந்துக் கடை ஜன்னலில் ஒரு கவர் கொடுத்தார்கள். அதில் சிரப்பு இருந்தது, கூடவே நான் தினமும் சாப்பிடுகிற சர்க்கரை மாத்திரையும் இருந்தது. அட, நான் கேட்காமலே எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்களே, கம்ப்யூட்டர் என்றால் கம்ப்யூட்டர்தான் என்று சந்தோஷமாக வந்தேன்.

சாயங்காலம் மருமகள் வந்தாள். கவரில் எழுதியிருந்ததைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"அத்தே, இது யாருக்கு?"

"தண்ணி மருந்து பாப்புக்கு. மாத்திர எனக்கு."

"இல்ல அத்தே. ரெண்டும் பாப்புக்குன்னுதான் போட்டுக்கீது. வயசு ஏழுன்னு போட்டு, காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு குடுக்கச் சொல்லி போட்டுக்கீது."

சர்க்கரை மாத்திரை எனக்கே கொஞ்சம் கூடிப்போனால் கண் இருட்டும். ஏழு வயதுக் குழந்தைக்கு, சாப்பாட்டுக்கு முன்னால்! மருமகள் அந்த மாத்திரை அட்டையை எடுத்து பரண்மேல் போட்டாள். குமாரு கத்தினான். "நாளைக்கு அந்த ஆஸ்பத்திரி கண்ணாடிய ஒடைக்கிறேனா இல்லையா பாரு!" என்றான். "கொஞ்சம் இருடா. எங்க ஆபீஸ்ல காட்டறேன். அவங்க பாத்துப்பாங்க" என்றேன்.

மறுநாள் என்ன நாள் தெரியுமா? ஆஸ்பத்திரி மேனேஜர் ஆபீஸுக்கே வந்து, எல்லாக் கிளைக்கும் இதை வைத்துவிடலாம் என்று சொல்லப்போகிற நாள். வீட்டம்மா காலையிலேயே கேசரி கிளறி மேலே அனுப்பியிருந்தார். ஜெசிந்தா புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். "தனக்கா, இன்னிக்கு சார் என்னை கன்ஃபர்ம் பண்ணிடுவார். ஜெபம் பண்ணிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கவரை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் எடுத்து அவள் மேசையில் வைத்தேன். வேறு என்ன செய்ய? அந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை குழந்தைகள் போகின்றன!

படித்தாள். படபடவென்று ஏதோ தட்டினாள். "தனக்கா, உங்க வீட்ல இன்னொரு தனலட்சுமி இருக்காங்களா?"

"எம்பேத்திதான்."

"பாப்புன்னுதானே சொல்வீங்க?"

"எம்மருமவ எம்பேரச் சொல்லி அவளக் கூப்பிடுவாளா?"

"உங்க இனிஷியல் கே… உங்க ஹஸ்பண்ட் பேர் என்ன?"

அவர் பெயரை நான் சொன்னதே கிடையாது. அன்றைக்கு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "கன்னியப்பன்" என்று ஒரே தரம் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"பாப்புவோட அப்பா குமார். அதுவும் கே." ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ தனக்கா. தமிழ்ல எழுதியிருந்தா ஒண்ணு க, ஒண்ணு கு. இங்கிலீஷ்ல ரெண்டும் கே."

பிறகுதான் எனக்கு விளக்கினாள். ஒவ்வொரு கிளையிலும் நோயாளிக்கு ஒரு நம்பர் உண்டு. ஆனால் ஒரு கிளை நம்பருக்கும் இன்னொரு கிளை நம்பருக்கும் சம்பந்தமில்லை. அதனால் அவள் பெயர், இனிஷியல், விலாசம் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று முடிச்சுப் போட்டுவிட்டாள். இந்தக் கிளையில் நான் ஒருத்தி, தடுப்பூசி போட்ட வேறொரு கிளையில் பாப்பு ஒருத்தி, கம்ப்யூட்டருக்குள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு, வயது அவளுடையதும் மாத்திரை என்னுடையதுமாக ஒரே பிறவியாகிவிட்டோம்.

செல்வம் எட்டிப் பார்த்தான். "ஜெசி, இப்ப இத யார்கிட்டயும் சொல்லாத. மேனேஜர் வந்துட்டுப் போகட்டும். சாயங்காலம் நாம உக்காந்து சத்தமில்லாம சரி பண்ணிடலாம். சொன்னா உன் வேலை போயிரும், நம்ம ஆபீஸும் போயிரும்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்காகத்தான் சொன்னான்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் எழுந்து நேராக சார் அறைக்குள் போனாள். நான் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சார் கவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் துடைக்கவில்லை விமலா. கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு போனை எடுத்தார். அந்தக் கிளைக்குப் போட்டு, "அந்த கம்ப்யூட்டரை இப்பவே ஆஃப் பண்ணுங்க. பழையபடி கையால எழுதுங்க. ஆமா, இப்பவே. நான் லைன்ல இருக்கேன்" என்றார். அவர்கள் அணைத்துவிட்டோம் என்று சொல்கிறவரை போனை வைக்கவில்லை. பிறகு என்னிடம், "குழந்தை மாத்திரை சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பாப்பு எப்படி இருக்கிறாள், மூச்சு சீராகிவிட்டதா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் ஜெசிந்தாவைப் பார்த்து, "இது மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கறவங்க வேற யாருன்னு எடுங்க" என்றார். தேடினார்கள். இன்னும் சிலர் வந்தார்கள். பெரும்பாலும் ஒரே வீட்டில் ஒரு கிழமும் ஒரு குழந்தையும்.

மேனேஜர் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். வாசனை வருகிறதே என்று கேசரியைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்தார். சார் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மனிதர் முகம் மாறிப்போயிற்று.

"இத எழுதினது யாரு?"

ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

"உட்காருங்க ஜெசிந்தா" என்றார் சார்.

"இவங்கள முதல்ல அனுப்புங்க. அப்புறம் மத்தத பேசலாம்" என்றார் மேனேஜர்.

"எழுதினது இவங்க. பார்த்துட்டு சரின்னு சொன்னது நான். தப்புன்னு தெரிஞ்சதும் மறைக்காம வந்து சொன்னதும் இவங்கதான். அனுப்புறதுன்னா என்னைத்தான் அனுப்பணும். என் ஆபீஸ்லருந்து என்னையே எப்படி அனுப்புறதுன்னு எனக்குத் தெரியல."

செல்வத்துக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டான். மேனேஜர் சிரிக்கவில்லை. "மத்த கிளைய மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். கேசரி அப்படியே இருந்தது.

ஜெசிந்தா அழுதாள். சார் அவளிடம், "அழறதுக்கு அப்புறம் டைம் தர்றேன். இந்த வீடுங்களுக்கெல்லாம் தகவல் போயாகணும். போன் இருக்கற வீட்டுக்கு நான் பேசறேன், இல்லாத வீட்டுக்கு நீங்க போங்க. தனலட்சுமி அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்குத் தெருவெல்லாம் தெரியும்" என்றார்.

மீன் விற்ற கால் சும்மாவா? ஆட்டோ பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். ஒரு வீட்டில் மாமியார், "மீனு கொண்டாந்தியா?" என்று பாத்திரத்தோடு வந்துவிட்டாள். கோவிலம்பாக்கத்தில் ஒரு வீடு. வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா பயந்து பயந்து கேட்டாள்.

"உங்க பையன் பேர் என்னங்க?"

"அத நான் சொல்லக்கூடாதும்மா. மாமனார் பேரு."

"சரிங்க, இனிஷியல்?"

"அது எங்க வூட்டுக்காரர் பேராச்சே. அதையும் சொல்லக்கூடாது."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். என்ன பார்வை அது! உள்ளேயிருந்து ஒரு பெரியவர் கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "இன்னாம்மா பேஜாரு? நான் சொல்றேன் கேளு. கே. முனுசாமி. நானும் அதான், பேரனும் அதான். எங்கப்பன் கோதண்டம். அவர் பேர எம்புள்ளைக்கு வச்சேன். எம்புள்ள எம்பேர அவன் புள்ளைக்கு வச்சான். எங்க வம்சத்துல ரெண்டே பேருதான், மாத்தி மாத்தி ஓடிக்கினே கீது."

"தாத்தா, ஆஸ்பத்திரியில உங்களுக்கு ஏதாவது மாத்திக் குடுத்தாங்களா?"

"குடுக்கல. ஆனா தடுப்பூசி போடணும், அம்மாவ கூட்டிக்கினு வான்னாங்க. எங்கம்மா எங்க வர்றது? மேல போய் எத்தினி வருசமாச்சு!"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் அந்த வாசலிலேயே குனிந்து நின்று சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட. பெரியவரும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று அவருக்குத் தெரியாது. ஆட்டோவில் ஏறினதும், "தனக்கா, நான் இத ப்ரோகிராம்ல தப்புன்னு நினைச்சேன். இது தப்பு இல்ல, வம்சம்!" என்றாள். நல்லவேளை, எந்த வீட்டிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குன்றத்தூர் முருகனுக்கு நான் வேண்டிக்கொண்டதையும் அவள் மாதாவுக்கு வேண்டிக்கொண்டதையும் அப்புறம் ஒரே நாளில் போய் செலுத்திவிட்டு வந்தோம்.

திரும்பி வந்து முடிச்சையெல்லாம் அவிழ்த்து அவளே மறுபடி போட்டாள். எல்லாக் கிளைக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரே நம்பர், அந்த நம்பர் அலமாரியிலும் ட்ரேயிலும் மேசையிலும் கூடவே வரும். பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருந்தால் பிறந்த தேதி கேட்காமல் கவுன்டரில் திரை திறக்காது. முடிந்ததும் திரையை என் பக்கம் திருப்பினாள். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, இரண்டும் ஒரே மாதிரி எழுத்து. அதில் எது நான், எது பாப்பு என்று எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருந்தது. சார் அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, "நாளையிலருந்து நீங்க பர்மனென்ட்" என்றார். அவள் அழுவதற்கு நேரம் கொடுத்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர்.

அதற்கப்புறம் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த மேனேஜர் திரும்பி வரவேயில்லை. ஆபீஸ் சுருங்கியது. செல்வம் பழைய மகாபலிபுரம் சாலையில் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான், போகும்போது சிவப்பு நூல் கட்டிய கப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். சார் கண்ணாடியைத் துடைக்கிற நேரம் அதிகமாயிற்று. ஆனால் ஒருநாள்கூட ஜெசிந்தாவிடம், உன்னால்தான் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. மெல்ல மெல்ல வேறு சின்ன ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள் வந்தன. நான் முட்டி வலி வந்து நிற்கிறவரை அங்கேதான் இருந்தேன். கூடை தூக்கினவளுக்கு இப்படி ஒரு இடம் அமைய வேண்டும் என்றால், நான் போன ஜென்மத்தில் யாருக்கோ நல்லது செய்திருக்க வேண்டும்.

ஜெசிந்தா இப்போது பெங்களூரில் பெரிய ஆள். அவளுக்குக் கீழே ஏகப்பட்ட பிள்ளைகள். எந்தப் புது ப்ரோகிராம் எழுதினாலும் வெளியே விடுவதற்கு முன்னால் பரீட்சை வைப்பார்களாம். அதில் முதல் கேள்வி நாங்கள்தான். கே. தனலட்சுமி என்று ஒரு கிழவி, கே. தனலட்சுமி என்று ஒரு குழந்தை, ஒரே வீடு. இரண்டு பேரும் ஒட்டாமல் தனித்தனியாக வெளியே வந்தால்தான் மற்றதைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு எனக்குப் போன் போடுவாள். "தனக்கா, நீங்களும் பாப்புவும் பாஸ்!"

பள்ளிக்கூடத்து வாசற்படி மிதித்தவள் இல்லை நான். எந்தெந்த ஊரிலோ எந்தெந்தக் கம்ப்யூட்டரிலோ இன்னும் பாஸாகிக்கொண்டே இருக்கிறேன். நேற்றுக்கூடப் பேசினாள், அது ஏதோ சிங்கப்பூர்காரனுக்கு… ஐயோ, என்னடி சத்தம் அது? மோட்டார்! போட்டதையே மறந்துவிட்டேன். டேங்க் நிரம்பி உன் வீட்டுத் துணி மேலேயே ஊற்றுகிறது பார். நீ ஓடிப்போய்த் துணியை எடு, நான் சுவிட்சை அணைக்கிறேன்.